சிறுநீரகச் சிறுகட்டிகளில் பயாப்சி

சிறுநீரகத்தில் 4 செ.மீ.க்கு மேற்படாத, மருந்தேற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் எடுப்பாகத் தெரியும் திடக்கட்டியைச் சிறுநீரகச் சிறுகட்டி என்பர். வயிற்றுவலிக்கோ பித்தப்பைக் கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுபவையே இவற்றில் பெரும்பாலானவை. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றே கிடையாது. ஆன்கோசைட்டோமா, கொழுப்புக் குறைந்த ஆஞ்சியோமயோலிபோமா ஆகிய தீங்கற்ற கட்டிகள் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே தோன்றும். தீங்கற்ற கட்டிக்காகச் சிறுநீரகத்தின் ஒரு பகுதியை இழப்பது வருந்தத்தக்கது. அதைத் தவிர்க்கவே பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது.

முதுகுப்புறத் தோலை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டிலோ சி.டி.யிலோ பார்த்தபடி உறையூசி ஒன்றைக் கட்டியின் விளிம்புவரை செலுத்துவார்கள். நோயாளி மூச்சை அடக்கியிருக்க, உள்ளூசி பாய்ந்து நூலிழை போன்ற திசுத்துண்டை வெட்டியெடுக்கும். ஒரே உறை வழியாக இரண்டு மூன்று துண்டுகள் எடுக்கப்படும். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இம்முறையில் அது மிக அரிது. இரத்தக்கசிவுதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அதுவும் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சாப்பிடுவோர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

புற்று என்று முடிவு வந்தால் அநேகமாக முழுமையாக நம்பலாம். ஆனால் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ போதிய திசு கிடைக்காமல் போகும். அதைப் ‘புற்று இல்லை’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. மறுபடி பயாப்சி எடுத்தால் பெரும்பாலோருக்கு விடை கிடைத்துவிடும். ஆன்கோசைட்டோமாவையும் குரோமோபோப் வகைப் புற்றையும் சிறு துணுக்கில் பிரித்தறிவது தேர்ந்த நோய்க்கூறியல் மருத்துவருக்கே கடினம்.

முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா என்பதே இங்கே முதற்கேள்வி. எப்படியும் அறுவை செய்துகொள்ளத் தீர்மானித்த இளவயதினருக்கும், எப்படியும் கண்காணிப்பு மட்டுமே பொருந்தும் தளர்ந்த முதியவருக்கும் பயாப்சி தேவைப்படாது. கொழுப்பு தெளிவாகத் தெரியும் ஆஞ்சியோமயோலிபோமாவுக்கும் வேண்டாம். நீர்க்கட்டிகளில் பயன் குறைவு. மாறாக, லிம்போமா, வேறு உறுப்பிலிருந்து வந்த புற்று, சீழ்க்கட்டி ஆகிய ஐயங்கள் எழுந்தால் பயாப்சி பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2021 வழிகாட்டி. வெப்பத்தாலோ உறைகுளிராலோ கட்டியை அழிக்கும் சிகிச்சைக்கு முன்பும் எடுத்துவிட வேண்டும். அழித்த பின் அது என்னவென்று சொல்ல முழுத்திசு மிஞ்சாது.

அவசரப்படவும் தேவையில்லை. கண்காணிப்பில் உள்ள சிறுகட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மி.மீ. அளவே வளர்கின்றன. தீங்கற்றது என்று பயாப்சி சொன்னாலும், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுப்பதை நிறுத்தக் கூடாது.