தண்ணீர் வடியும்போது தெரியும் காசுகள்

டெல்லி ஆபீசில் பக்கத்து சீட் நண்பருக்கு மெட்டல் டிடெக்டர் வாங்கும் ஆசை வந்துவிட்டது. கடற்கரையா, ஏரியா, எங்கே போனால் ஏதாவது கிடைக்கும் என்று நச்சரிக்கிறார். மெஷின் கிடக்கட்டும் சார், முதலில் இடத்தைப் பார்ப்போம் என்றேன். பல நூறு வருஷம் ஜனங்கள் கூடிய துறையாக இருக்கவேண்டும். எப்போதாவது அங்கே தண்ணீர் வடியவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த இடம் நமக்கு ஒரு ராத்திரிப் பயணத்தில் இருக்கிறது: ஹரித்வார்.

1854-ல் ப்ராபி காட்லி என்ற பொறியாளர் கட்டி முடித்த கங்கைக் கால்வாய் அங்கிருந்துதான் புறப்படுகிறது. தூர் வார, பழுது பார்க்க வருஷா வருஷம் தசராவை ஒட்டிக் கால்வாயை மூடுவார்கள். தீபாவளி வாக்கில்தான் மறுபடி தண்ணீர். அந்த நாட்களில் ஹர் கி பௌரியில் கூழாங்கல் படுகை வெளியே தெரியும். சல்லடை, தட்டு, கயிற்றில் கட்டிய காந்தம் என்று குடும்பம் குடும்பமாக இறங்கித் தேடுவார்கள். கனமான உலோகம் நீரோட்டத்தோடு ரொம்ப தூரம் போகாது. கல்லின் பின்பக்கம், படிக்கட்டின் அடி, ஓட்டம் மந்தமாகும் வளைவு, அங்கெல்லாம் தங்கிவிடும். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது!

காந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் காந்தத்தில் ஒட்டும் எஃகுக் காசுகள் வர ஆரம்பித்தது 1988-ல். விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாயையோ, செம்புக் காசையோ, நாம் சின்ன வயசில் மிட்டாய் வாங்கிய அலுமினியப் பைசாவையோ காந்தம் சீண்டாது. (பழைய நிக்கல் காசுகள் மட்டும் ஒட்டும்.) ஆக, காந்தக்காரருக்குப் பெரும்பாலும் நேற்றைய பக்தர் போட்ட காசுதான். பழசெல்லாம் சல்லடைக்காரருக்கு.

நண்பரின் மெஷின் எல்லா உலோகத்துக்கும் கத்தும். பிரச்னையே அங்கேதான். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் புதைந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. அன்றைக்கு 10 ரூபாய் என்றால் பத்து வெள்ளி நாணயம், கிட்டத்தட்ட 117 கிராம். இன்றைக்கு ஒரு டீக்குக்கூடக் காணாது, ஆனாலும் சட்டத்தில் அதே பத்துதான். கலெக்டர் அரசுக்காக அதை எடுத்துக்கொண்டால், அந்த உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தருவார். அதாவது காசின் மேல் இருக்கும் எழுத்துக்கு விலை அவ்வளவுதான். ஆட்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போகாமல் தட்டான் கடைக்குப் போனதில் ஆச்சரியம் என்ன?

நம்மூர்க் கதையும் இதேதான். கரூர் அமராவதிப் படுகையில் மணல் சலித்தவர்கள் கையில்தான் சங்க காலச் சேரர் காசுகள் முதலில் பட்டன. மாக்கோதை என்று தமிழ்-பிராமியில் பெயரும், ரோமானியக் காசு பாணியில் ஒரு தலையும் உள்ள வெள்ளிக் காசுகள். உருக்குவதற்கு முன்னால் யாரோ சேகரிப்பாளர் கண்ணில் பட்டதால் பிழைத்தவை. மூசைக்குள் போனவை எத்தனையோ, நினைத்தால் வயிறு எரிகிறது. பாட்டில் படித்த சேரர்களுக்குக் கையில் பிடித்துப் பார்க்கிற சாட்சி அல்லவா அது!

ஆற்றில் கிடைப்பது பல சமயம் அடித்துவரப்பட்டது, அதைச் சலித்து எடுப்பதில் குலையும் ஆதாரம் குறைவாக இருக்கலாம். மேட்டு நிலம் அப்படியில்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அழகன்குளம் மாதிரி இடத்தில், ரோமானியக் காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு கிடந்தது என்பதுதான் வரலாறு. மெஷின் 'பீப்' அடித்ததும் மண்வெட்டியைப் போட்டால் காசு மிஞ்சும், மற்றதெல்லாம் போய்விடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கும் இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது 1958 சட்டப்படி குற்றமும்கூட.

நண்பர் டிடெக்டரை இன்னும் வாங்கவில்லை. இந்தத் தசராவுக்கு ஹரித்வார் போகலாம், வேடிக்கை பார்க்க மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கரூரில் இறங்கினால் அரசு அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.