நூலகச் சுவரைத் தாண்டி: மர்விலிருந்து துவாக்குடி வரை

ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குராசானின் மர்வ் நகரில் 10 நூலகங்கள் இயங்கி வந்தன. அங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவீ (ரஹ்), தமது ‘முஃஜமுல் புல்தான்’ நூலில் அவற்றை நன்றியோடு நினைவுகூர்கிறார். எந்நேரமும் இருநூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அவருடைய இல்லத்தில் இருந்தனவாம். பெரும்பாலானவற்றுக்கு ஈடாக எதுவும் கேட்கப்படவில்லை. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, விடுதலைக்குப் பின் நூல்களைப் படியெடுத்தும் விற்றும் பிழைத்தவர் அவர். அத்தகைய ஒருவரை நம்பி நூல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கி.பி. 1221இல் மங்கோலியர் அந்நகரை அழித்தனர்.

எல்லா நூலகங்களும் மர்வைப் போல் இருக்கவில்லை. கெய்ரோவின் மஹ்மூதிய்யா மத்ரஸாவில், நூல்கள் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று வக்ஃபு செய்தவர் நிபந்தனை விதித்திருந்தார். இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களே அங்கு நூலகராகப் பணியாற்றினார்கள். பிற்காலத்தில் இமாம் சுயூத்தீ (ரஹ்) இதற்கென்றே தனி நூல் ஒன்றை எழுதி, இரவல் பெறுவதற்கு இடமுண்டு என வாதிட்டார்கள். நிபந்தனையின் நோக்கம் நூல்களைக் காப்பது. அது கெடாமல் பயன் பரவுமானால் தடுப்பானேன் என்பதே அவ்வாதத்தின் சாரம். பழங்காலத்து ஃபிக்ஹு விவாதம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் இன்றும் அதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

திருச்சி–தஞ்சை நெடுஞ்சாலையில் துவாக்குடியை ஒட்டி, 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. 2003இல் அது தேசிய தொழில்நுட்பக் கழகமாக (என்.ஐ.டி.) ஆயிற்று. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்காக ‘இண்டெஸ்ட்’ என்ற கூட்டமைப்பு உருவானதும் அதே ஆண்டில்தான். விலையுயர்ந்த ஆய்விதழ்களை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வாங்காமல், சேர்ந்து மின்வடிவில் பெற அது வழிசெய்தது. 2015இல் அது ‘இ-ஷோத் சிந்து’ திட்டத்தோடு இணைந்தது.

ஆனால் மின்னூலுக்கும் சுவர் உண்டு. வாசிக்க வருபவர் கல்லூரியின் இணைய முகவரி எண்ணிலிருந்து வருகிறாரா என்பதைத்தான் பதிப்பகத்தின் கணினி பார்க்கிறது. விடுதி வைஃபையில் திறந்த கட்டுரை, அதே கைப்பேசியில், வாயிலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் பணம் கேட்கும். 2020 ஊரடங்கில் மாணவர்கள் வீடு திரும்பியபோது இந்தச் சுவரின் உயரம் நாடெங்கும் தெரிந்தது. அதற்கான வாசலை ‘இன்ஃபெட்’ என்ற பெயரில் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது: கல்லூரி வழங்கும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு, உறுப்பினர் எங்கிருந்தும் உள்ளே வரலாம். தினமும் பேருந்தில் வீடு திரும்பும் மாணவிக்கு, மஃக்ரிபுக்குப் பின் நூலகம் திறந்திருப்பது இவ்வழியாகத்தான். பெண்பிள்ளையின் கையில் கைப்பேசி எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நடத்தும் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் அடங்கும். துவாக்குடியின் அரசுக் கல்லூரிகளில் பயில்வோர், தங்கள் கல்லூரி பதிவு செய்துள்ளதா என நூலகரிடம் கேட்பது நல்லது. கேட்காமலே படிப்பை முடித்துவிடுகிறவர்கள் பலர்.

கடவுச்சொல் ஓர் அமானிதம். நண்பனுக்கு உதவுவதாக நினைத்து அதைப் பகிர்ந்து, அவன் நூற்றுக்கணக்கில் பதிவிறக்கினால், பதிப்பகம் அந்தக் கல்லூரி முழுவதற்குமே வாசலை அடைத்துவிடக்கூடும். சுயூத்தீ (ரஹ்) அவர்களின் வாதம் இதற்குத் துணைவராது. பாதுகாப்பு கெடாதவரைதான் அது செல்லும்.

எந்தக் கல்லூரியிலும் சேராதோருக்கும் வழி அடைபடவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கடவுச்சொல் இன்றி வாசிக்கலாம். அரபு அறிந்த மத்ரஸா மாணவர்களுக்கு ‘அல்மக்தபத்துஷ் ஷாமிலா’ கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. யாகூத்தின் ‘முஃஜமுல் புல்தான்’ அதில் உண்டு; மர்வ் பற்றிய பகுதி மீம் எழுத்தின் கீழ் வரும்.