தேயிலைச் சீர்

2024 ஓகஸ்ட் 10, சனிக்கிழமை. கண்டியில் முதலாவது கும்பல் பெரஹரா ஊர்வலம். வூஹானிலிருந்து வந்திருந்த ஓர் இளஞ்சோடியைத் தலதா வீதியில் நடைபாதை ஓரமாக உட்காரவைத்திருந்தேன். யானை வருவதற்கு முன்னால் தூறல் வந்துவிட்டது. பக்கத்துக் கடையில் ஒரு குடை வாங்கி இருவருக்கும் நடுவே நீட்டினேன். அந்தப் பெண் கையை நீட்டவில்லை. கணவனைப் பார்த்தாள், சிரித்தாள், கைப்பையைத் துழாவி ஒரு யுவான் நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அதன்பிறகுதான் குடையைத் தொட்டாள்.

எனக்கு உடனே உறைத்தது. சீனம் படித்த காலத்தில் பலகையில் எழுதிப்போட்ட பாடம்தான். குடைக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘ஸன்’. பிரிந்து சிதறுவதற்கும் அதே ஒலி, தொனி மட்டும் வேறு. சோடிக்குக் குடையைப் பரிசாகக் கொடுத்தால் பிரிவைக் கொடுத்ததாகும். காசு கொடுத்து வாங்கிக்கொண்டால் தோஷமில்லை. எங்கள் தோட்டத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோழன் குடை பிடித்துத்தான் கூட்டிவருவான். அந்தப் பழக்கத்தில் நீட்டிவிட்டேன். அதுவும் எந்த நாளில்? சீன நாட்காட்டியில் ஏழாம் மாதத்து ஏழாம் நாள் அது. ‘சீஷீ’, ஏழாம் இரவு. காதலர் சேரும் நாள் என்று அவர்கள் கொண்டாடும் நாளில் நான் குடையோடு நின்றிருக்கிறேன்.

சுற்றுலா வழிகாட்டியாக இருப்பவனுக்கு இப்படிச் சில சொற்கள் சோறு போடும். காதலர் தினத்தைச் ‘சிங்ரன் ஜியே’ என்பார்கள். ‘சிங்ரன்’ என்றால் காதலன், காதலி. திருமணத்துக்கு வெளியே வைத்திருக்கும் துணைக்கும் அதே சொல்தான். அதனால் வயதானவர்கள் முன்னால் அதை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மே 20ஆம் திகதி இன்னொரு கொண்டாட்டம். ஐந்து, இரண்டு, சுழியத்தை ‘வு அர் லிங்’ என்று படித்தால், ‘வோ ஐ நீ’, அதாவது ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதுபோலக் காதில் விழும். அன்றைக்குக் கைபேசியில் 520 யுவான் அனுப்புவார்கள். திருமணப் பதிவகங்களில் வரிசை நிற்கும். 1314 என்று எழுதினால் ‘ஆயுள் முழுக்க’ என்று பொருள், அதுவும் ஒலியை வைத்துத்தான். பேரிக்காயைச் சோடியாக அறுத்துத் தின்னமாட்டார்கள்; ‘ஃபன் லீ’ என்றால் பேரியைப் பங்கிடுவதும் ஆகும், பிரிவதும் ஆகும். சொல்லின் ஒலிக்கு இவ்வளவு அஞ்சுகிற சனத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று ஒருகாலம் நினைத்தேன். பிறகு, வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னதற்கு அத்தையிடம் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. ‘போயிட்டு வாறேன்’ என்றால்தான் விடுவாள்.

இந்த ஏழாம் இரவு புதுக்காலத்துக் கடைக்காரர் கட்டிவிட்ட நாளல்ல. ஹான் பேரரசர் வூ, தலைநகர் சாங்ஆனுக்குப் பக்கத்தில் கி.மு. 120 வாக்கில் குன்மிங் குளத்தை வெட்டியபோது, கரையின் இரு பக்கமும் இரண்டு கற்சிலைகளை வைத்தார்கள். ஒன்று மாடு மேய்ப்பவன், மற்றது நெசவுக்காரி. குளத்தை வானத்து ஆறாகப் பாவித்திருக்கிறார்கள். கதை எளியது. வானுலகத்து நெசவுக்காரி பூமிக்கு வந்து ஒரு மாட்டுக்காரனைக் கட்டிக்கொள்கிறாள், இரண்டு பிள்ளைகள். தாய்த்தெய்வம் அவளைத் திரும்பக் கூட்டிப்போகிறாள். பிள்ளைகளைக் கூடையில் வைத்துக் காவடித்தண்டில் தூக்கிக்கொண்டு அவன் துரத்துகிறான். கொண்டையூசியை உருவித் தாய்த்தெய்வம் வானத்தில் ஒரு கோடு கிழிக்கிறாள், அதுவே ஆறாகிவிடுகிறது. ஆண்டுக்கு ஓரிரவு மட்டும் ‘ஷீச்சுவே’ என்ற பறவைகள் ஒன்றுகூடிப் பாலமாக நிற்கும். காக்கைச் சாதிப் பறவைதான் அது. வாசலில் அது கத்தினால் நல்ல சேதி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. காகம் கரைந்தால் விருந்தாளி வருவான் என்று நாம் சொல்வதில்லையா?

பழைய நாளில் சீஷீ காதலருக்கான நாளாகவும் இல்லை. பெண்பிள்ளைகளின் நோன்பு அது. நெசவுக்காரியிடம் கைத்திறன் வேண்டி நிற்கும் இரவு. நிலவு வெளிச்சத்தில் ஏழு ஊசியில் நூல் கோப்பார்கள். சிலந்தியைச் சிமிழில் அடைத்துவைத்து, விடிந்ததும் வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது என்று பார்ப்பார்கள். இந்த நோன்பைப் பற்றி எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த சோங் லின். அவர் எழுதியது இன்றைய ஹுபெய் வட்டாரத்து வழக்கங்களை. வூஹான் அந்த மாகாணத்தின் தலைநகர். 2006இல் சீன அரசு இந்த நாளை நாட்டின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. ரோசாப்பூவும் சாக்லேட்டும் பெப்ரவரி 14இலிருந்து இடம் மாறி இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டன.

பெரஹரா கலைந்தபோது மணி பத்து இருக்கும். தூறல் விட்டு வானம் திறந்திருந்தது. வாவிக்கரையின் இருட்டான பக்கமாகக் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். அந்த மாதத்தில், அந்த நேரத்தில், கண்டிக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்பது திருவோணம். அதுதான் அவர்களுடைய மாட்டுக்காரன். திருவோணத்துக்கு மீன் மூன்று என்று நம் சோதிடர் கணக்குச் சொல்வார்கள்: நடுவில் பெரியது, இரு பக்கமும் சிறியவை. அந்தச் சிறிய இரண்டும்தான் கூடையில் இருக்கும் பிள்ளைகள் என்றாள் அந்தப் பெண். வடக்கே சற்றுத் தாழ்வாக வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது நெசவுக்காரி. நாம் அதை அபிஜித் என்போம். ஒருகாலத்தில் 28 நட்சத்திரம் எண்ணியபோது உத்திராடத்துக்கும் திருவோணத்துக்கும் நடுவில் அது இருந்தது. பிறகு 27 ஆக்கியபோது விழுந்துபோனது. இப்போது பஞ்சாங்கத்தில் உச்சிவேளை முகூர்த்தம் ஒன்றுக்குத்தான் அதன் பெயர் மிச்சம். இரண்டுக்கும் நடுவே போகும் பால்வீதியை ஆகாய கங்கை என்கிறோம். அதே ஆறு, அதே இரண்டு கரை. நமக்கு அங்கே ஒரு கல்யாணம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கண்டிப் பெரஹரா முடிவது பெரும்பாலும் ஓகஸ்டில் வரும் நிக்கினி போயாவில். அந்த முழுநிலவு நிற்பது திருவோணத்தின் பக்கத்தில். அதனால் அந்த வளர்பிறையின் ஏழாம் நாள் பெரஹராவுக்குள்ளேயே விழுந்துவிடும். 2023இலும் அப்படித்தான்: ஓகஸ்ட் 21இல் கும்பல் பெரஹரா தொடங்கியது, 22இல் சீஷீ. அவர்கள் அதிமாதம் கூட்டும் சில ஆண்டுகளில் மட்டும் தவறும், 2025இல் தவறியதுபோல.

மறுநாள் வழக்கமான சுற்று. பேராதனைப் பூங்கா, அப்புறம் அந்தானை மலையில் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் அது. மூன்றாவது மாடிப் படியில் ஏறும்போது அந்தப் பெண் கேட்டாள்: “உங்கள் ஊரில் நிச்சயதார்த்தத்துக்குத் தேயிலை கொடுப்பீர்களா?”

இல்லை, வெற்றிலை பாக்கு என்றேன். அவள் சொன்னது எனக்குப் புதிது. சீனத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் சீருக்குச் ‘சா லீ’ என்று பெயர், தேயிலைச் சீர். பெண் வீட்டார் தேநீரை ஏற்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு பெண் இரண்டு வீட்டுத் தேநீரைக் குடிக்கமாட்டாள் என்பது வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டு நாவலான ‘செம்மாடக் கனவி’ல் இதைவைத்தே ஒரு கேலி வரும்: எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டாய், இனி மருமகளாக வர என்ன தடை என்று ஒருத்தி நாயகியைச் சீண்டுவாள். ஏன் தேயிலை? 1597இல் தேயிலை பற்றி நூல் எழுதிய ஷு சீஷூ காரணம் சொல்லியிருக்கிறார். தேயிலையை விதை போட்டுத்தான் வளர்க்க முடியும், வேரோடு பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் பிழைக்காது. அதனால் முன்னோர் அதை மணச்சீராக வைத்தார்கள். இடம் பெயராத செடி, இடம் பெயராத மனம்.

படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் நின்ற மலை முழுக்க, இடம் பெயர்ந்த செடி.

1824இல் சீனத்திலிருந்து வந்த தேயிலைச் செடியைப் பேராதனைப் பூங்காவில் பார்வைக்கு நட்டார்கள். 1839இல் அசாம் வகை வந்தது. 1841இல் புசல்லாவை ரொத்சைல்ட் தோட்டத்தில் மொரிஸ் டி வோர்ம்ஸ் சீனக் கன்றுகளை வைத்தார். தேயிலை பதப்படுத்த ஒரு சீனரையே அமர்த்திப் பார்த்தார்கள். கைகூடவில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதுதான் பிழைத்துப் பெருகியது. செடி பேராதனைக்கு வந்ததற்கு ஓராண்டு முன்னால், 1823இல், சில மைல் தள்ளிக் கம்பளை சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். எங்கள் ஆட்கள் இந்த மலைக்கு வந்த கதையை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறோம். மன்னாரில் கரையேறிக் காடு வழியாக மாத்தளை வரை நடந்தவர்கள். செடியும் ஆளும் ஒரே பருவத்தில் பிடுங்கி நட்டவை.

சீனம் எங்கள் லயத்துக்குப் புதிதும் அல்ல. ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’ தென்சீனத்து ஃபூஜியன் கரையோரப் பேச்சு. வடக்கே அதைச் ‘சா’ என்பார்கள். தேத்தண்ணியில் போடும் சீனியின் பெயரும் அந்த நாட்டைத்தான் சொல்கிறது. தீபாவளிக்குச் சீனவெடி. துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சம்பள நாளில் தோட்டத்துக்கு வரும் சீனாக்காரனை அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷாண்டோங்கிலிருந்தும் ஹுபெய்யிலிருந்தும் இலங்கைக்கு வந்து துணி விற்றவர்கள், பல் கட்டியவர்கள் அவர்கள்.

அந்தச் சீனாக்காரனிடம் அத்தை ஒரு ரோசாநிறச் சேலைத்துணி வாங்கினாள், 1972இல். பக்கத்து லயத்துப் பையனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. ஆனால் பெயர்களை வேறு இடத்தில் வேறு விதமாக எழுதிவைத்திருந்தார்கள். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று விட்டது. பையன் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. எங்கள் வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். 1973இல் அதில் அவர்கள் போனார்கள். தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பல் காத்திருந்தது. பாக்கு நீரிணை ஒன்றும் அகலமான கடல் அல்ல. கொண்டையூசியால் கிழித்த கோடுதான்.

அத்தைக்குப் பேசியிருந்தவர் நீலகிரியில், கூடலூர்ப் பக்கம் குடியேறினார். இங்கிருந்து போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. அதே கொழுந்து, அதே குளிர். மூன்று கடிதம் வந்தது. நான்காவது வரவில்லை. அத்தை கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பென்ஷன் வயது வரை அந்தானையில் கொழுந்து பறித்தாள்.

வூஹான் சோடியை விமான நிலையத்துக்கு ஏற்றிவிட்டு, அந்த வார இறுதியில் லயத்துக்குப் போனேன். பெரஹரா வெடி மலை வரை கேட்டதாம். அத்தை பிளேன்டீ ஊற்றித் தந்தாள், கையில் கருப்பட்டித் துண்டு. தேயிலைச் சீரைப் பற்றிச் சொன்னேன். ஒரு வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தால் அந்த வீட்டுக்குத்தான் வாக்கப்பட வேண்டுமாம் என்றேன்.

“அடேயப்பா,” என்றாள். “ஒரு நாளைக்கு மூணு தரம் தொரை வீட்டுத் தேத்தண்ணி குடிச்சேன். நாப்பது வருசம். எத்தன பேருக்கு வாக்கப்பட்டிருக்கணும் நானு?”

சிரித்து அடங்கியதும் திருவோணத்தைக் காட்டி மற்றக் கதையையும் சொன்னேன்: ஆறு, இரண்டு கரை, ஆண்டுக்கொரு இரவு, பாலம் போட வரும் பறவைகள். பிள்ளைகளைக் கூடையில் சுமந்தான் என்றபோது மட்டும், “எந்தக் கூடை, கொழுந்துக் கூடையா?” என்று கேட்டாள். பாலத்தில் மிதிபட்டு மிதிபட்டு, மறுநாள் அந்தப் பறவைகளின் தலையில் மயிர் இருக்காது என்பார்களாம் என்றேன்.

அத்தை கோப்பையின் அடிமண்டியைக் கறிவேப்பிலைச் செடியின் காலில் ஊற்றினாள்.

“அவுங்களுக்காவது காக்கா வந்துச்சு,” என்றாள்.