சிங்கப்பூர்ப் போக்குவரத்து வரலாறு கூறும் பாடம்

ஒரு நகரத்தின் செழிப்பை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு அளப்போர் பலர். ஆனால் விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் தொழிலாளி எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில் வேலையிடம் போய்ச் சேருகிறான் என்பதும் அச்செழிப்பின் அளவுகோலேயாகும். சொந்த மோட்டார் வைத்திருப்பவன் எப்படியும் போய்விடுவான். மற்றவர்களுக்குப் பொது வண்டியே கதி. அந்தப் பொது வண்டிக்கு முதல் போடுவது யார், அதைப் பேணுவது யார் என்ற கேள்வி சிங்கப்பூரில் நூறாண்டுகளுக்கு மேலாக மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறது.

நீராவி டிராம்

1880ஆம் ஆண்டில் கைரிக்‌ஷாக்கள் சிங்கப்பூருக்குள் வந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, 1886 மே மாதத்தில், நீராவி டிராம் ஓடத் தொடங்கியது. தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியையும் ரோச்சோர் வட்டாரத்தையும் இணைத்த இந்த டிராம், ஒரு தனியார் கம்பெனியின் முயற்சி. வண்டியில் குறையில்லை. ஆனால் ரிக்‌ஷா வீட்டு வாசலில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கிவிட்டது. டிராமோ தண்டவாளம் உள்ள இடத்தில் மட்டுமே நின்றது. போட்டியில் வருமானம் குன்றிய டிராம், 1894இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. எட்டே ஆண்டு வாழ்வு!

மின்சார டிராமின் ஏற்றமும் வீழ்ச்சியும்

1905 ஜூலை மாதத்தில் மின்சார டிராம் வந்தது. இதற்கென்று சிராங்கூன் ரோட்டுக்கு அருகே மெக்கன்சி ரோட்டில் ஒரு மின்சார நிலையமே கட்டப்பட்டது. மறு ஆண்டு நகரசபை தெரு விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த நிலையத்திலிருந்தே விலைக்கு வாங்கியது. ஆகவே சிங்கப்பூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததற்கு டிராமும் ஒரு காரணம் என்று கூறலாம். ஒரு போக்குவரத்துத் திட்டம் தன் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் காட்டாத நன்மைகளை ஊருக்குச் செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால் கம்பெனிக்குத் தெரிந்தது தன் கணக்குப் புத்தகம் மட்டுமே. ரிக்‌ஷாவோடு போட்டி தொடர்ந்தது. எதிர்பார்த்த இலாபம் வரவில்லை. இலாபம் இல்லாத இடத்தில் செப்பனிடப் பணம் ஏது? தண்டவாளங்கள் தேய்ந்தன, வண்டிகள் பழசாயின. பழைய வண்டியைக் கண்டு பிரயாணிகள் விலக, வருமானம் மேலும் குறைந்தது. இந்த நச்சுச் சுழலிலிருந்து டிராமால் மீள முடியவில்லை. 1925இல் அமைந்த சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி, மேலே மின்கம்பியும் கீழே ரப்பர் சக்கரமும் கொண்ட டிராலி பஸ்களை 1926இல் ஓடவிட்டது. 1927 செப்டம்பரில் கடைசி டிராமும் நின்றது.

கொசு பஸ் காலம்

இதே காலத்தில் ஏழு பேர் அமரக்கூடிய சிறு மோட்டார் பஸ்கள் தெருவெங்கும் பெருகின. ‘கொசு பஸ்’ என்று மக்கள் பெயரிட்டனர். கை காட்டிய இடத்தில் நிற்கும். கூட்டம் உள்ள பக்கம் ஓடும். கூட்டமில்லாத பக்கத்தில் குடியிருந்தவன் பாடு திண்டாட்டம். 1930களில் அரசாங்கம் கட்டுப்பாடு விதிக்கவே, தனித்தனி முதலாளிகள் ஒன்றுகூடிச் சீன பஸ் கம்பெனிகளாயினர்.

கம்பெனிகள் பல இருந்தும் பிரயாணிக்குச் சுகம் கிட்டவில்லை. தொழிலாளிக்கும் நிம்மதி இல்லை. 1955 மே மாதம் ஹாக் லீ பஸ் கம்பெனியின் வேலைநிறுத்தம் கலகமாக வெடித்து நால்வர் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு டிராக்‌ஷன் கம்பெனியிலும் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பின் ஹாக்கின்ஸ் என்ற நிபுணர் நிலைமையை ஆராய்ந்து, எல்லாக் கம்பெனிகளையும் இணைத்து ஒரே பொது அமைப்பாக்க வேண்டும் என்று 1956இல் சிபாரிசு செய்தார். அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. டிராலி பஸ் 1962 டிசம்பரில் மறைந்தது. பதினொரு சீனக் கம்பெனிகள் 1971இல் மூன்றாக இணைக்கப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் டிராக்‌ஷன் கம்பெனியும் மூடப்பட்டது. மூன்றும் ஒன்றாகிச் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் ஆனது 1973இல். 1956இல் சொல்லப்பட்டதைச் செய்து முடிக்கப் பதினேழு ஆண்டுகள் சென்றன! அத்தனை ஆண்டும் காத்து நின்றவர்கள் அறிக்கை எழுதியவர்களும் அல்லர், படித்தவர்களும் அல்லர். பஸ் நிறுத்தத்தில் நின்ற மக்களே.

பஸ்ஸா, ரயிலா?

1967 முதல் 1971 வரை ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு நடந்த நகரத் திட்ட ஆய்வு, சாலைகளை மட்டும் நம்பினால் தீவில் நிலம் போதாது. 1992ஆம் ஆண்டுக்குள் ரயில் வேண்டும் என்று கூறியது. அக்காலத்தில் சிங்கப்பூரின் ஜனத்தொகை எவ்வளவு? 1970ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 20 இலட்சம். உலகின் பெருநகரங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தர ஊர்தான். ‘இவ்வளவு சிறிய தீவுக்கு இத்தனை பெரிய ரயில் எதற்கு?’ என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

கேட்டவரும் சாமானியர் அல்லர். நாட்டின் பொருளாதாரத்துக்கு அடித்தளமிட்ட டாக்டர் கோ கெங் சுவீயே ரயில் திட்டத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். பல நூறு கோடி வெள்ளியை மண்ணுக்கடியில் புதைப்பதற்கு முன் வேறு வழி உண்டா என்று பார்ப்பது நிதிப் பொறுப்புள்ளவரின் கடமையல்லவா? 1980இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பஸ்களைப் பெருக்கி, அவற்றுக்குத் தனிப் பாதை கொடுத்து, மோட்டார்களைக் கட்டுப்படுத்தினால் ரயில் தேவையில்லை என்று வாதிட்டது. விவாதம் தொலைக்காட்சியிலும் நடந்தது. ரயிலின் பக்கம் உறுதியாக நின்றவர் அன்றைய போக்குவரத்து அமைச்சர் ஓங் டெங் சியோங்.

மோட்டார்களைக் கட்டுப்படுத்துவது சிங்கப்பூருக்குப் புதிதன்று. 1975 ஜூன் முதல், காலை வேளையில் நகர மையத்துக்குள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 வெள்ளி கட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது பலனும் தந்தது. எனினும் தொடர்ந்து நடந்த விரிவான ஆய்வு ஓர் உண்மையை எடுத்துக் காட்டியது: ரயிலுக்குப் பதிலாகப் பஸ்களையே நம்பினால், நகர மையத்தில் பஸ்களே பஸ்களுக்கு வழிமறிக்கும். பஸ்ஸின் பலவீனம் வண்டியில் இல்லை, அது ஓடும் சாலையில் இருந்தது.

1982 மே மாதத்தில் அரசாங்கம் முடிவெடுத்தது. செலவு 500 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 1983 அக்டோபரில் வேலை தொடங்கியது. 1985இல் நாடு பொருளாதார மந்தத்தில் விழுந்தபோதும் வேலை நிற்கவில்லை. 1987 நவம்பர் 7ஆம் நாள் இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்து நிலையங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1990 ஜூலையில் 67 கிலோமீட்டரும் 42 நிலையங்களும் கொண்ட முதல் திட்டம், குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே நிறைவேறியது.

இந்த விவாதத்தில் வென்றது ரயில் என்றாலும், தோற்றவரின் கேள்வி வீண்போகவில்லை. பஸ் சேவையைச் சீர்ப்படுத்தாமல் ரயில் மட்டும் வந்திருந்தால், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக வண்டி இருந்திராது. காருக்குக் கட்டணம் விதிக்காமல் ரயில் வந்திருந்தால், அதில் ஏற ஆளும் குறைந்திருக்கும். மூன்றும் சேர்ந்தே திட்டம் ஆயிற்று.

பேணுவதற்கும் பணம் வேண்டும்

ரயில் போடும் செலவை அரசாங்கம் ஏற்கும். ஓட்டும் செலவைப் பிரயாணக் கட்டணம் ஏற்கும். இக்கொள்கையை 1996ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை விளக்கிற்று. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் தேய்ந்ததை மாற்றும் சுமை, இலாபம் பார்க்க வேண்டிய கம்பெனியின் தலையில் விழும்போது என்ன ஆகும்? 1920களின் டிராம் இதற்கு முன்பே விடை சொல்லியிருந்தது.

2011 டிசம்பர் 15ஆம் நாளும் 17ஆம் நாளும் வடக்குத் தெற்குப் பாதையில் ரயில்கள் நின்றன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் அவதியுற்றனர். விசாரணைக் குழு, மின்சாரம் ஊட்டும் தண்டவாளத்தைத் தாங்கும் பிடிகள் கழன்றதையும், பராமரிப்பில் குறை இருந்ததையும் கண்டது. அதன் பின் அரசாங்கத்தின் போக்கு மாறியது. 2012இல் பஸ்களைக் கூட்டுவதற்கு 110 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2016இல் பஸ் சேவைகள் குத்தகை முறைக்கு மாறின: பஸ்களும் வழித்தடங்களும் அரசாங்கத்தின் பொறுப்பு, கம்பெனிகள் கூலிக்கு ஓட்டின. அதே ஆண்டில் பழைய பாதைகளின் ரயில்களையும் ஓட்டும் சாதனங்களையும் சுமார் 100 கோடி வெள்ளிக்கு அரசாங்கமே வாங்கிக்கொண்டது. 1886இல் தனியார் கையில் விடப்பட்ட பொறுப்பு, 130 ஆண்டுகள் கழித்துப் பொதுப் பொறுப்பாயிற்று.

பினாங்கும் பிற நகரங்களும்

இந்த வரலாறு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பினாங்கு ஜார்ஜ் டவுனும் 1880களில் நீராவி டிராமைக் கண்ட நகரமே. அங்கே மின்சார டிராம் 1906இல் வந்து 1936இல் மறைந்தது. டிராலி பஸ் 1925இல் வந்து 1961இல் மறைந்தது. பின்னர் 1985இலும் 2014இலும் கடலின் மேல் பாலங்கள் கட்டப்பட்டன, இரண்டும் மோட்டார்களுக்காகவே. புதிய மின்ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 ஜனவரியில்தான். டிராலி பஸ் மறைந்து அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

‘பினாங்கு சிறிய ஊர், ரயில் எதற்கு?’ என்று கூறுவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பினாங்கு மாநிலத்தின் ஜனத்தொகை 17 இலட்சத்துக்கு மேல். ரயில் வேண்டும் என்று சிங்கப்பூரில் ஆய்வு நடந்த காலத்தில் அத்தீவின் ஜனத்தொகையும் ஏறக்குறைய இதே அளவினதே. நடுத்தர நகரம் என்பது ரயிலை ஒதுக்குவதற்குக் காரணமாகாது. நிலம் இன்னும் கைவசம் இருக்கும்போதே பாதைக்கு இடம் ஒதுக்கிக்கொள்ள, நடுத்தர நகரத்துக்கே வாய்ப்பு அதிகம்.

ஆனால் ரயில் வரும்வரை மக்கள் காத்து நிற்க முடியாது. பஸ்ஸுக்குத் தனிப் பாதை கொடுப்பதும், நேரத்துக்குப் பஸ் வரச் செய்வதும் ரயிலைவிடக் குறைந்த செலவில், விரைந்து முடியக்கூடிய வேலைகள். ரயில் போடப் பணம் ஒதுக்கும்போதே அதைப் பேணவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவது எளிது. இருபது ஆண்டு கழித்துத் தேய்ந்த தண்டவாளத்தை மாற்றுவதற்கு விழாவும் இல்லை, மாலையும் இல்லை. அந்த விழா இல்லாத வேலைக்குப் பணம் கொடுக்கும் அரசாங்கமே, விடியற்காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தன் கடமையைச் செய்த அரசாங்கமாகும்.