மூன்று உருளைச் சிறுதேர்

பழந்தமிழில் தேரின் உருளைக்குக் ‘கால்’ என்று பெயர். கடலில் ஓட மாட்டாத நெடுந்தேரைப் பற்றிப் பேசுமிடத்துத் திருவள்ளுவரும் அதன் உருளையைக் கால் என்றே குறிக்கிறார். ஆகவே பட்டினப்பாலையில் குழந்தைகளின் சிறுதேருக்கு ‘முக்கால்’ என்னும் அடை வருவதைக் கண்டு, இன்றைய மாணவர் அதனை அளவைக் கணக்கு முக்காலாகக் கொண்டு மயங்கினால் வியப்பதற்கில்லை. அது அளவன்று, உருளைகளின் எண்ணிக்கை. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று உருளை கொண்டு இன்றளவும் தச்சர் செய்துவரும் நடைவண்டிக்கு இலக்கியத்தில் கிடைக்கும் பழைய சான்றாக அந்த ஓர் அடையைக் கொள்ளலாம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் அச்சிறுதேரைக் காட்டும் இடம் பலரும் அறிந்ததே. முற்றத்தில் தானியம் உலர்கிறது. அதைக் கவர வரும் கோழியை ஓட்ட, காவலிருக்கும் பெண் தன் காதின் கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். காலில் பொன் அணிந்த சிறுவர் குதிரை பூட்டாத மூன்று உருளைத் தேரை உருட்டிக்கொண்டு வருகின்றனர். கிடந்த குழை அவர்களுடைய வழியை மறிக்கிறது. இவ்வாறு வழிமறிக்கும் பகையன்றி வேறு பகையறியாத குடிகள் அவை என்று புலவர் முடிக்கிறார். சோழநாட்டின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டாக இப்பகுதியை மேடைகளில் சொல்லாதார் இல்லை. பொன்னைக் கல்லாக எறியும் வளம் என்று வியந்ததோடு பலரும் நின்றுவிடுகின்றனர். புலவர் கண்டது அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒரு காதணி ஒரு தேரை எவ்வாறு மறிக்கும்? தேரின் உருளை மிகச் சிறியதாக இருந்தால் மட்டுமே மறிக்கும்.

உருளை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அது தடையின் மேல் ஏறிக் கடக்கும். உருளை சிறுத்தால் தடை அதன் நடுப்பகுதியை எட்டி நின்று, ஏறவிடாமல் தடுத்துவிடும். அதிலும் முன்னுருளை ஒன்றே ஒன்றான வண்டியில் அந்த ஒன்று நின்றால் வண்டி முழுவதும் நின்றுவிடும். மற்றோர் உருளை இழுத்துச் செல்லும் வாய்ப்பில்லை. இதனைக் கண்ணால் கண்டறியாத ஒருவர் கற்பனையால் எழுதியிருக்க இயலாது. வளத்தைப் பாடுவதற்கு மணியும் முத்தும் இருக்க, கோழியையும் குழையையும் தேரையும் ஒரே முற்றத்தில் சேர்த்தது புலவரின் கூர்த்த நோக்கு.

மூன்று உருளை எதற்கு என்னும் வினாவுக்கும் அம்முற்றத்திலேயே விடை உண்டு. மேடுபள்ளமான மண்தரையில் நான்கு உருளை வண்டியை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று அந்தரத்தில் நிற்கும், வண்டி ஆடும். மூன்று புள்ளிகளோ எந்தத் தரையிலும் ஒருங்கே படியும். முக்காலியும் அடுப்புக் கற்களும் மூன்றாக அமைந்ததன் காரணமும் இதுவே. தள்ளாடும் குழந்தை பற்றிக்கொள்ளும் பொருள் தானும் தள்ளாடலாகாது என்பதைத் தச்சர் உணர்ந்திருந்தனர். இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. முக்கோண அடித்தளத்தில் முன்பக்கத்து இரு மூலைகளும் வெறுமை. பாரம் பக்கவாட்டில் சாய்ந்தால் வண்டி அந்த மூலைக்குக் கவிழும்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையும் இதே புலவர் பெயரால் வழங்குவது. அதிலும் அவர் குழந்தைத் தேரை மறக்கவில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்ட, ஏறிச் செல்வதற்கு ஆகாத அழகிய தேரை உருட்டிய புதல்வர், தளர்நடையால் வந்த வருத்தம் தீரச் செவிலியரிடம் பாலருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். நாள்தோறும் மரப்பொருளில் புழங்கும் தச்சச் சிறுவன் ஒரு மரத்தேருக்கு ஆசைப்பட வேண்டுமானால் அத்தேர் எத்தகையதாக இருக்க வேண்டும்! வேலைப்பாட்டைப் புகழ இதனினும் சுருங்கிய வழி இல்லை.

சங்கப் பாடல்களில் வரும் சிறுதேர்களை ஒன்றாகக் கொண்டு, ‘விளையாட்டுப் பொருள்’ என ஒரே சொல்லில் உரை கண்டுவிடுவது பெருவழக்கு. ஆயினும் புலவர்கள் ஆண்ட வினைச்சொற்களைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு வேறு பொருள்கள் புலனாகும். பட்டினப்பாலையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் தேர் உருட்டப்படுகிறது. ஐங்குறுநூற்று முல்லையில் பேயனார் காட்டும் குழந்தையும் தளர்நடையோடு தேரை உருட்டுகிறது. தந்தையின் உள்ளம் காதலியினும் அக்குழந்தைபால் பெரிதாகச் செல்கிறது. நற்றிணையின் 250ஆம் பாடலில் கிண்கிணி ஒலிக்கத் தெருவில் தேரோடு நடை பயிலும் புதல்வனைக் கண்ட மகிழ்ச்சியில் தலைவன் மனைவியை நெருங்க, அவள் ஊடி, நீ யாரோ என்று விலகுகிறாள். குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தேர் உருட்டப்படவில்லை, கையால் ஈர்க்கப்படுகிறது. தச்சன் செய்த, சிறு குதிரை பூட்டிய அவ்வண்டியில் ஏறி மகிழ மாட்டாத சிறுவர், அதனை இழுத்து மகிழ்கின்றனர். தலைவனைக் கூடி இன்புறாவிடினும் அவனோடு கொண்ட நட்பினாலேயே நிறைவுறும் நிலைக்கு அதனை உவமையாக்குகிறார் தும்பிசேர்கீரனார்.

உருட்டுவதும் இழுப்பதும் ஒன்றல்ல. நடக்கக் கற்கும் குழந்தைக்குப் பிடிமானம் முன்னால் வேண்டும், அதனால் தள்ளுகிறது. கயிற்றைப் பிடித்துப் பின்னால் ஒன்றை இழுத்துவரும் குழந்தைக்கோ நடை கைவந்துவிட்டது. அதற்குத் தேர் துணையன்று, விளையாட்டே. எல்லாப் பாடல்களிலும் இவ்வரையறை வழுவாமல் நிற்கிறது என்று சொல்வதற்கில்லை. மணிமேகலையின் துயிலெழுப்பிய காதையில் ஐம்படைத்தாலி அணிந்த குறுநடைப் புதல்வர் ஓடியாடிச் சிறுதேரை இழுத்து மெய்வருந்தி உறங்குகின்றனர். எனினும் அங்கே அவர்கள் ஓடுகின்றனர் என்பதைச் சாத்தனார் சொல்லாமல் விடவில்லை.

அச்சாத்தனாரே மற்றோர் இடத்தில் மூன்றாவது வகை ஒன்றைக் காட்டுகிறார். மலர்வனம் புக்க காதையில் மணிமேகலையும் சுதமதியும் புகார்த் தெருவில் செல்லும்போது மக்கள் ஆங்காங்கே கூடி நின்று பலவற்றையும் வேடிக்கை பார்க்கின்றனர். அவற்றுள் ஒன்று, தளர்நடையையும் தாங்க மாட்டாத சிறு புதல்வரை வளையணிந்த பெண்டிர் சிலர் எடுத்து, பொன் தேரின் மீதமைந்த புள்ளிமுக யானையின் மேல் ஏற்றிவைத்து, ஆலமர் செல்வனாகிய சிவபெருமானின் மகனுக்கு விழாத் தொடங்கியது காணீர் என்று கூறும் காட்சி. குறுந்தொகைச் சிறுவர் ஏறி மகிழாத தேர் இங்கே ஏறுதற்குரிய தேராகிவிட்டது. நடக்க இயலாத குழந்தையை வைத்துத் தெருவில் கொண்டுசெல்லும் வண்டியைப் பற்றித் தமிழில் வரலாறு எழுதப் புகுவோர் தொடங்கவேண்டிய இடம் இதுவே. நடைவண்டிக்குப் பட்டினப்பாலை, தள்ளுவண்டிக்கு மணிமேகலை. இரண்டும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுவன என்பதும் கருதத்தக்கது.

பிற்காலத்தில் சிறுதேர் ஓர் இலக்கிய உறுப்பாயிற்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அது இறுதியில் வைக்கப்பட்டது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொட்டுக் குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் ஈறாகவும், அதற்குப் பின்னரும் பாட்டுடைத் தலைவன் சிறுதேர் உருட்டுமாறு வேண்டப்படுகிறான். காப்பு 3ஆம் திங்களில் தொடங்கி, பருவத்துக்கு இரண்டு திங்களாக ஏறிச் சிறுதேர் 21ஆம் திங்களில் வரும் என்பது பரவலாக வழங்கும் ஒரு கணக்கு. வருகைப் பருவமாகிய 13ஆம் திங்களிலேயே குழந்தை நடந்து வருமாறு அழைக்கப்பட்டுவிட்டது. எனவே பிள்ளைத்தமிழ்ச் சிறுதேர் நடை பயிலும் வண்டியாக இருத்தல் இயலாது. சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி முடித்த குறும்பனின் விளையாட்டுத் தேர் அது. சங்கப் புலவர் கண்ட தளர்நடைத் தேர் இக்கணக்கில் இடம் பெறாமல் நழுவிவிட்டது. வினைச்சொல் மட்டும் ‘உருட்டு’ என்று பழைய வழக்கிலேயே நிலைத்தது. திரிபுரம் எரிக்கச் சென்ற சிவபெருமானின் தேரையும் கதிரவனின் ஒற்றைச் சக்கரத் தேரையும் பாடுவதற்கு அப்பருவம் வாய்ப்பளித்ததேயன்றி, மரத்தேரின் உருளை மூன்றா நான்கா என்று எண்ணிப் பார்க்கப் பிள்ளைத்தமிழ்ப் புலவர்க்குத் தேவை எழவில்லை. ராய. சொக்கலிங்கனார் காந்தியடிகள் மீது பிள்ளைத்தமிழ் பாடிய காலத்திலும் மரபு இவ்வாறே வந்தது.

இதற்கிடையே வடமொழியிலிருந்து ஒரு சிறுதேர் தமிழுக்கு வந்தது. சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ என்று பெயர்த்தார். பொன்வண்டி கேட்டு அழும் சாருதத்தனின் மகனுக்கு அவனுடைய களிமண் வண்டி நிறையத் தன் அணிகலன்களைக் கழற்றி வைக்கிறாள் வசந்தசேனை. ‘மண்வண்டி’ என்றே பெயர்த்திருந்தாலும் பிழையில்லை. ‘சிறுதேர்’ என்றதனால் பத்துப்பாட்டும் பிள்ளைத்தமிழும் அக்களிமண் வண்டியில் ஏறிக்கொண்டன.

இலக்கியம் மறந்த மூன்று உருளை, தச்சர் கையில் மறையவில்லை. திருவிழாக் கடைகளில் விற்கும் நடைவண்டியில் கைப்பிடியைப் பின்னச்சுக்குச் சற்று முன்பாகவே நிறுத்துவர். அச்சுக்குப் பின்னே நிறுத்தினால் குழந்தையின் பாரம் விழும்போது முன்னுருளை எழும்பி, வண்டி குழந்தையின் மேலேயே சாயும். மராட்டியர் இவ்வண்டியைப் பாங்குள்காடா என்பர். கன்னடத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் பொம்மைத் தொழில் இன்றும் நடைபெறுகிறது. எனினும் பல வீடுகளில் நடைவண்டி இருந்த இடத்தைக் குழந்தையை நடுவில் தொங்கவிடும் வட்ட வடிவப் பிளாஸ்டிக் ‘வாக்கர்’ பிடித்துக்கொண்டது. இரண்டும் ஒன்றென்று எண்ணுவது பிழை. நடைவண்டியில் குழந்தை தன் பாரத்தைத் தன் காலால் தாங்குகிறது. வாக்கரில் இருக்கை தாங்குகிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கர்களால் காயமுற்று அவசரப் பிரிவுக்கு வந்த 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000க்கு மேல் என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. பலர் மாடிப்படியில் உருண்டவர்கள். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

குழந்தையை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு மேலைநாட்டு வரலாறு வேறு. இங்கிலாந்தில் 1733இல் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் செய்த வண்டி, சிறு விலங்கு பூட்டி இழுப்பதற்கானது. பின்னின்று தள்ளும் வண்டிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவின. அவற்றுள் பல மூன்று சக்கரத்தன. எடை குறைந்ததும் மடங்கியதும் மிகப் பின்னர்தான். விமானப் பொறியியல் அறிந்த ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மடங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். அவர் 1965இல் அலுமினியக் குழாய்களால், குடைபோல் மடங்குவதாக, ஏறத்தாழ 6 பவுண்டு எடையில் ஒரு தள்ளுவண்டியை அமைத்தார். 1980களில் அமெரிக்கரான பில் பேக்லர், ஓடும்போதும் மகனை உடன்கொண்டு செல்ல விரும்பி, மிதிவண்டிச் சக்கரங்கள் மூன்றைப் பூட்டினார். மூன்று சக்கரம் இவ்வாறு இரண்டாம் முறை உயிர்பெற்றது.

இன்று ‘ஸ்ட்ரோலர்’ என்னும் பெயரில் கைக்கடக்கமான மூன்று சக்கர வண்டியை வாங்கப் புகும் பெற்றோர்முன் நிற்பது கடியலூராரின் முற்றத்துச் சிக்கலே. சுருங்க மடங்க வேண்டுமாயின் சக்கரம் சிறுக்க வேண்டும்; சக்கரம் சிறுத்தால் குழையளவு கல்லும் வழிமறிக்கும். முன்சக்கரம் எப்பக்கமும் சுழல்வதாயின் சந்துகளில் எளிதாகத் திரும்பும். கரடுமுரடான தெருவில் அது நடுங்கும். அதனால் சுழலாமல் பூட்டும் வசதி உள்ளதா என்று பார்ப்பது நன்று. பின்சக்கரங்களின் இடைவெளி அகன்றிருக்க வேண்டும். கைப்பிடியில் பை தொங்கவிடலாகாது. தோள், இடுப்பு, தொடையிடை என ஐந்து முனையில் பிணைக்கும் வார் வேண்டும். கழுத்து நிலைக்காத பச்சிளங்குழந்தைக்கு, இருக்கை படுக்கை நிலைக்குத் தாழாத வண்டி எதுவும் ஆகாது. விளம்பரங்கள் மடிப்பின் அழகையே பேசுகின்றன. வாங்குவோர் சக்கரத்தின் விட்டத்தை முதலில் கேட்பாராயின் பாதி ஏமாற்றம் குறையும்.

குழந்தை எத்திசை நோக்கி அமர வேண்டும் என்பது இன்னொரு வினா. 1889இல் வில்லியம் ரிச்சர்ட்சன் என்னும் கறுப்பின அமெரிக்கர், குழந்தையைத் தள்ளுபவர் பக்கமாகவும் திருப்பத்தக்க வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். தாயின் முகம் பார்த்துச் செல்லும் குழந்தையோடு பேச்சு நிகழ்கிறது. தெருவைப் பார்த்துச் செல்லும் குழந்தைக்கு ஊர் காட்சியாகிறது. புகாரின் பெண்டிர் தம் புதல்வரை எத்திசை நோக்கி வைத்தனர் என்று சாத்தனார் கூறவில்லை. யானைமேல் அமர்ந்த பிள்ளையை முருகனாக ஊருக்குக் காட்டி விழாக் காணீர் என்றனராதலின், பிள்ளையின் முகம் தெருவில் நின்றோர் பக்கமே இருந்திருக்கும்.