சென்னை வானொலியின் தொடக்ககாலத் திறன் வேறுபாடுகள்: டெசிபெல் அளவில் ஒரு மறுவாசிப்பு (1924–1938)

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முன்முயற்சியால் 1924 மே 16இல் தோன்றிய சென்னை மாகாண வானொலிச் சங்கம், சூலை 31இல் 40 வாட் கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் கருவிக்கு மாறியது. 1927இல் பணமுடையால் சங்கம் நின்றுபோகவே, அக்கருவி மாநகராட்சியைச் சேர்ந்தது. மாநகராட்சியின் ஒலிபரப்பு 1930 ஏப்ரல் 1இல் தொடங்கியது. 1938 சூன் 16இல் திறக்கப்பெற்ற அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 250 வாட் மத்திய அலைக் கருவியையும் 10 கிலோவாட் சிற்றலைக் கருவியையும் பெற்றிருந்தது. இவ்வெண்களை வரிசைப்படுத்தினால் படிப்படியான வளர்ச்சி தோன்றும். அத்தோற்றம் முழுதும் சரியன்று.

செவியின் உணர்வு திறனின் கூடுதலைவிட விகிதத்தையே பெரிதும் பின்பற்றுகிறது. சங்கம் தோன்றிய அதே 1924இல், அமெரிக்க பெல் தொலைபேசி அமைப்பின் பொறியாளர்கள் கம்பி இழப்பை மைல் கணக்கில் கூறும் பழைய முறையை விடுத்து மடக்கை வழிப்பட்ட அலகொன்றை மேற்கொண்டனர். 1928இல் அது டெசிபெல் எனப் பெயர் பெற்றது. இரு திறன்களின் விகிதத்திற்குப் பத்தடிமான மடக்கை கண்டு பத்தால் பெருக்கினால் இவ்வளவு கிடைக்கும்.

இதன்படி 40 வாட்டிலிருந்து 200 வாட்டுக்கு உயர்ந்தது 7 டெசிபெல். நேயர் ஐயமின்றி உணரத்தக்க மாற்றம். 200இலிருந்து 250க்கு உயர்ந்ததோ 0.97 டெசிபெல் மட்டுமே. செவி அரிதாகவே பிரித்தறியும் அளவு. அதற்கும் மேலாக, அளவிடும் முறையையே இங்கு நோக்க வேண்டும். ஏரியலில் பாயும் மின்னோட்டத்தை வெப்ப மின்னிரட்டை அம்மீட்டரால் அளந்து, அதன் வர்க்கத்தை ஏரியலின் மின்தடையால் பெருக்கித் திறன் காண்பது அக்காலத்து வழக்கம். மின்னோட்ட அளவில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால் திறனில் 21 விழுக்காடு, அதாவது 0.83 டெசிபெல், மிகைப்படும். ஆகவே 1930க்கும் 1938க்கும் இடைப்பட்ட மத்திய அலை 'வளர்ச்சி' ஒரு மீட்டரின் பிழைக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும்.

சிற்றலைக் கருவி மத்திய அலைக் கருவியைவிட 16 டெசிபெல் மிகுந்தது. எனினும் இவ்வெண் பரப்பெல்லையை ஒப்பிட உதவாது. மத்திய அலை பகலில் நிலத்தையொட்டிச் செல்வது. சிற்றலை அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டுத் தொலைமாவட்டங்களை அடைவது.

மயிலாப்பூரை அடுத்த மெரினாவில் மாநகராட்சி நிறுவிய ஒலிபெருக்கிகள் இக்கணக்குக்குப் புறம்பானவை. அங்குக் கூடியோர் கேட்ட உரப்பை முடிவு செய்தது ஒலிபரப்பியின் வாட் அன்று, கடற்கரையிலேயே இருந்த பெருக்கி.