இலங்கை, இந்திய நடைமுறைக் கணக்குகள்: ஓர் ஒப்பீடு

ஒரு நாடு வெளியுலகுடன் நடத்தும் கொடுக்கல் வாங்கலில் ஆண்டு முடிவில் மிஞ்சியதா, குறைந்ததா என்பதைக் காட்டுவதே நடைமுறைக் கணக்கு மீதியாகும். பண்டங்களின் ஏற்றுமதி இறக்குமதி, சுற்றுலா, கப்பல் போக்குவரத்து முதலிய சேவைகள், வெளிநாட்டுக் கடனுக்குச் செலுத்தும் வட்டி, வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணம் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

மன்னார்த் தீவின் தோட்டவெளியில் பிடிபடும் நண்டு ஏற்றுமதியானால் அது இக்கணக்கின் வரவு. அதனைப் பிடிக்கச் சென்ற படகின் இயந்திரத்துக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் செலவு. அயலிலுள்ள எருக்கலம்பிட்டியிலிருந்து வளைகுடா நாடொன்றுக்குச் சென்றவர் வங்கியூடாக வீட்டுக்கு அனுப்பும் பணமும் வரவே. ஆகவே, இது மத்திய வங்கியின் அறிக்கையோடு முடிந்துவிடும் விடயமன்று.

தலைமன்னாருக்கு அக்கரையிலுள்ள இந்தியாவின் கணக்கையும் எமது கணக்கையும் அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். இந்தியா ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைக் கணக்கிடுகிறது. இலங்கை ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடுகிறது. மேலும், இரு பொருளாதாரங்களின் பருமனும் பெரிதும் வேறுபடுவதால், டொலர் தொகையை அன்றி மொத்த உள்நாட்டு உற்பத்தியின் சதவீதத்தையே ஒப்பிடுதல் வேண்டும்.

இலங்கை 1977இல் உபரி கண்டது. அவ்வாண்டு திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்ததும், எண்ணெய் விலையேற்றமும் துரித மகாவலித் திட்டத்தின் செலவும் சேர்ந்து, 1980இல் பற்றாக்குறையைச் சுமார் 16 சதவீதமாக்கின. எண்ணெய் விலை உச்சம் தொட்ட 2008இல் அது 9 சதவீதத்தைத் தாண்டியது. 2021இல் 4 சதவீதத்தை அண்டியே நின்றது. எனினும், நாடு கடன் செலுத்த முடியாதென அறிவித்தது 2008இல் அன்று. 2022 ஏப்ரல் 12ஆம் திகதியே ஆகும்.

இந்தியாவிலும் இத்தகைய முரண் உண்டு. 1990-91இல் அதன் பற்றாக்குறை சுமார் 3 சதவீதமே. ஆயினும் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமான நிலைக்கு இறங்கி, 1991 ஜூலையில் 47 தொன் தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. 2012-13இல் எண்ணெய், தங்க இறக்குமதிகளால் பற்றாக்குறை 4.8 சதவீதமாகியது. ரூபாய் சரிந்தது, தங்கத்தின் மீதான இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. ஆனால் அடகு வைக்கும் நிலை திரும்பவில்லை. அடுத்த ஆண்டே பற்றாக்குறை 1.7 சதவீதமாகக் குறைந்தது.

பெரிய பற்றாக்குறை தாங்கப்பட்டு, சிறிய பற்றாக்குறை வீழ்த்தியது ஏன்? பற்றாக்குறையை நிரப்பிய பணம் எத்தகையது, கையிருப்பு எவ்வளவு என்பவற்றிலேயே விடை உள்ளது. 2013இல் இந்தியாவிடம் 270 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட கையிருப்பு இருந்தது. மென்பொருள் சேவை ஏற்றுமதியும் தொழிலாளர் பணவனுப்பல்களும் வர்த்தக இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்பின. இலங்கையோ 2007 முதல் சர்வதேச முறிகளை விற்றுக் கடன் திரட்டிற்று. 2020இல் கடன் தரம் இறக்கப்பட்டதோடு அவ்வாயில் மூடிக்கொண்டது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு, 2021 இறுதியில் 3.1 பில்லியனாயிற்று. அதிலும் கணிசமான பகுதி சீனாவுடனான நாணய மாற்று ஏற்பாடாகும்.

பணவனுப்பல்கள் வேறொரு பாடத்தைத் தருகின்றன. 2020இல் 7.1 பில்லியன் டொலர் வந்தது, 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. உழைப்போர் குடும்பங்களை மறந்துவிட்டார்களா? இல்லை. வங்கியில் டொலருக்குச் சுமார் 200 ரூபா என நாணய மாற்று வீதம் பிடித்து வைக்கப்பட்டிருக்க, வெளிச்சந்தையில் அதனினும் மேலாகக் கிடைத்தது. எனவே பெருந்தொகை உண்டியல் வழியே சென்றது. வீட்டுக்குப் பணம் வந்தது. நாட்டுக்கு டொலர் வரவில்லை. அதன் விளைவு எரிபொருள் வரிசையாக எமது வாசலுக்கே வந்து சேர்ந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, கடற்றொழிலாளரே முதலில் அடிபட்டனர்.

2023இலும் 2024இலும் இலங்கை உபரி கண்டது. 1977க்குப் பின் இதுவே முதன்முறை. பணவனுப்பல்கள் 2024இல் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியமையும், சுற்றுலா வருவாய் 3 பில்லியனைக் கடந்தமையும் வரவேற்கத்தக்கன. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மக்கள் வாங்காமல் இருந்ததால் மிஞ்சிய டொலரும், உற்பத்தி செய்து ஈட்டிய டொலரும் ஏட்டில் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. அதே காலத்தில், 2024-25இல், இந்தியாவின் கணக்கு சுமார் 0.6 சதவீதப் பற்றாக்குறையில் இருந்தது. அதனால் இந்தியா எம்மைவிடப் பலவீனமானது என்று எவரும் சொல்லமாட்டார்.

எனவே, உபரி என்றோ பற்றாக்குறை என்றோ செய்தி வரும்போது மூன்று வினாக்களை எழுப்புவோமாக. எது கூடியதால் அல்லது எது குறைந்ததால் இது நேர்ந்தது? பற்றாக்குறையாயின் அதனை நிரப்பியது முதலீடா, குறுங்காலக் கடனா? கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும்? மன்னார்க் கடலின் விளைச்சல் பதப்படுத்தப்பட்டுக் கூடிய விலைக்கு ஏற்றுமதியாவதும், எமது உழைப்பாளரின் பணம் நியாயமான வீதத்தில் வங்கியூடாக வருவதும் முதலாம் வினாவுக்கு நல்ல விடையாகும். அதற்கு வழிசெய்வது ஆட்சியாளரின் கடமை. கேட்டுப் பெறுவது எமது உரிமை.